வலி நின்றால் நலமா?

பல்வலி ஒரு விசித்திரமான விருந்தாளி. பகலெல்லாம் சமர்த்தாகத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும். ராத்திரி வீடு அடங்கி, விளக்கை அணைத்து, நீங்கள் தலையணையில் தலை வைத்த பிறகுதான் உள்ளே வந்து கதவைத் தாழ் போட்டுக்கொள்ளும்.

அதற்குக் காரணம் இருக்கிறது. படுக்கும்போது தலைப்பக்கம் ரத்த ஓட்டம் கூடுகிறது. ஏற்கெனவே வீங்கியிருக்கிற இடத்தில் அழுத்தமும் கூடுகிறது. அதனால்தான் அந்த 'விண்... விண்...' நீங்கள் எழுந்து உட்காருவீர்கள். கிராம்பைக் கடிப்பீர்கள். உப்புத் தண்ணீர் கொப்பளிப்பீர்கள். அலமாரியைக் குடைந்து, எப்போதோ வாங்கிய மாத்திரை அட்டையிலிருந்து ஒன்றைப் பிதுக்கிப் போட்டுக்கொள்வீர்கள். 'விடியட்டும், முதல் வேலையா டாக்டர்கிட்ட போயிடணும்' என்று குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய்வீர்கள்.

விடியும். கூடவே ஆபீஸும் வரும். இப்படியே நாலைந்து நாள் போகும். பிறகு ஒருநாள் எழுந்து பார்த்தால், வலியைக் காணோம்! நாக்கால் தொட்டுப் பார்ப்பீர்கள். தைரியமாக ஐஸ் வாட்டர்கூடக் குடித்துப் பார்ப்பீர்கள். ஊஹூம், ஒன்றுமே இல்லை.

'அப்பாடா, தானாவே சரியாயிடுச்சு!'

எனக்குத் தெரிந்த பல் டாக்டர் ஒருவர் இதைப் பற்றி ஒரு விஷயம் சொல்வார். "வலிக்குது டாக்டர்னு துடிச்சுக்கிட்டு வர்றவங்களைப் பார்த்தா எனக்குக் கவலையே இல்லை சார். 'ரெண்டு வாரம் உயிர் போற மாதிரி வலிச்சது, அப்புறம் தானா நின்னுடுச்சு'ன்னு சிரிச்சுக்கிட்டே வர்றாங்க பாருங்க, அவங்களைத்தான் உடனே எக்ஸ்-ரே எடுக்கச் சொல்லுவேன்."

ஏன் தெரியுமா? அப்படித் தானாக நின்றுபோன வலி பெரும்பாலும் குணமானதால் நிற்பதில்லை. வலிக்க வேண்டியது செத்துப்போனதால் நிற்கிறது.

இந்த வாரம் நாம் யோசிக்கப்போவது இதைத்தான். வலி இல்லாமல் இருப்பதும் நலமாக இருப்பதும் ஒன்றுதானா?

---

முதலில் பல்லுக்குள் கொஞ்சம் எட்டிப் பார்த்துவிடலாம்.

வெளியே பளபளவென்று இருப்பது எனாமல். நம் உடம்பிலேயே மிகக் கடினமான பொருள் அதுதான். அதற்குள்ளே டென்டின். அதற்கும் உள்ளே, பல்லின் நடுவில் ஒரு சின்ன அறை. அங்கிருந்து வேர் வழியாக நூல் மாதிரி மெல்லிய பாதைகள் கீழே இறங்குகின்றன. அந்த அறையிலும் பாதையிலும் இருக்கிற மெத்தென்ற சதைக்குத்தான் பற்கூழ் என்று பெயர். நரம்பு, ரத்தக் குழாய் எல்லாம் அதில்தான் ஓடுகின்றன. பல் என்பது வெறும் கல் இல்லை. உயிருள்ள ஒரு வீடு. அந்த வீட்டில் குடியிருப்பது பற்கூழ்.

சொத்தை விழுந்து, கிருமி மெல்ல மெல்லத் தோண்டிக்கொண்டு வரும்போது, பற்கூழ் முதலில் ஒரு எச்சரிக்கை தருகிறது. ஐஸ்கிரீம் பட்டால் 'சுருக்'. எடுத்துவிட்டால் உடனே போய்விடும். இது முதல் கட்டம். இந்த நேரத்தில் சொத்தையைச் சுத்தம் செய்து அடைத்துவிட்டால் பற்கூழ் பெரும்பாலும் தானே தேறிக்கொள்ளும்.

நாம்தான் இந்தக் கட்டத்தில் டாக்டரிடம் போகமாட்டோமே! 'அந்தப் பக்கம் மெல்லாம இந்தப் பக்கம் மென்னா ஆச்சு' என்று ஒரு அட்ஜஸ்ட்மென்ட் செய்துகொள்வோம்.

இரண்டாவது கட்டத்தில் பற்கூழ் நன்றாகவே வீங்க ஆரம்பிக்கிறது. காலில் அடிபட்டால் கால் வீங்கும். தோல் விரிந்து கொடுக்கும். பற்கூழுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. சுற்றிலும் கல் சுவர். வீங்க இடம் கிடையாது. உள்ளே அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது. ஐஸ் வாட்டர் பட்டால் வருகிற வலி நிமிஷக்கணக்கில் நிற்காது. யாரும் தொடாமலே வலிக்கும். பல் டாக்டர்கள் இதைத் 'திரும்பி வர முடியாத கட்டம்' என்கிறார்கள்.

மூன்றாவது கட்டம் அமைதி. ரத்த ஓட்டம் நின்று பற்கூழ் செத்துவிடுகிறது. தந்தியடிக்க நரம்பு இல்லை. ஆனால், கிருமிகள் வேலையை நிறுத்தவில்லை. செத்த சதையைத் தின்றுகொண்டே வேர் நுனி வழியாகத் தாடை எலும்புக்குள் இறங்குகின்றன. எக்ஸ்-ரேயில் வேர் நுனியில் கறுப்பாக ஒரு நிழல் தெரியும். மாதக்கணக்கில், சில பேருக்கு வருஷக்கணக்கில்கூட ஒரு தொந்தரவும் தராமல் இருந்துவிட்டு, ஒருநாள் காலையில் கன்னம் பன் மாதிரி வீங்கி நிற்கும்.

வலித்த நாட்களைவிட வலிக்காத நாட்கள்தான் ஆபத்தானவை என்பது எவ்வளவு பெரிய முரண் பாருங்கள்!

---

'சரி, இந்த வலியே இல்லாமல் நம்மைப் படைத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்?' என்று தோன்றுகிறதா? அதற்கு நம்ம வேலூரிலேயே பதில் இருக்கிறது.

பால் பிராண்ட் என்று ஓர் அறுவை சிகிச்சை நிபுணர். ஆங்கிலேயர் என்றாலும் பிறந்தது 1914-ல், நம் கொல்லிமலையில். 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயாளிகளுக்காகத் தன் வாழ்நாளைக் கொடுத்தவர். தொழுநோய் வந்தால் விரல்கள் தானாக அழுகி விழுந்துவிடும் என்றுதான் அதுவரைக்கும் பலரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். பிராண்ட் பார்த்தது வேறு. அந்த நோய் நரம்பைக் கெடுத்து, வலி தெரியாமல் செய்துவிடுகிறது. சூடான பாத்திரத்தைத் தொட்டால் தெரியாது. காலில் ஆணி ஏறினால் தெரியாது. புண்ணோடு நடந்துகொண்டே இருப்பார்கள். விரல்கள் போனதற்கு அந்தக் காயங்கள்தான் முக்கியக் காரணம்.

ராத்திரி தூங்கும்போது சில நோயாளிகளின் விரல்கள் குறைந்துபோவதற்குக் காரணம் தேடியவர்கள், கடைசியில் கண்டுபிடித்தது எலியை! எலி கடிப்பதுகூடத் தெரியாமல் தூங்கியிருக்கிறார்கள். அதன் பிறகு நோயாளிகளுக்குத் துணையாகப் பூனை கொடுத்தார்களாம். வலி செய்ய வேண்டிய காவல் வேலையைப் பூனை செய்திருக்கிறது!

பிராண்ட் பிறகு 1960-களில் அமெரிக்காவில் லூசியானா மாநிலத்தில் கார்வில் என்கிற இடத்துத் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே ஒரு முயற்சி செய்தார்கள். நோயாளிகளுக்குச் செயற்கையாக ஒரு வலியை உண்டாக்கித் தரலாம் என்று! கையுறையில் அழுத்தத்தை உணர்கிற கருவியை வைத்தார்கள். ஆபத்தான அளவுக்கு அழுத்தினால் ஒலி எழுப்பும். நோயாளிகள் அதை அலட்சியம் செய்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள். விளக்கு எரிய வைத்தார்கள். அதையும் கண்டுகொள்ளவில்லை. கடைசியில், உணர்ச்சி இருக்கிற இடத்தில் சின்னதாக ஷாக் அடிக்கிற மாதிரி செய்து பார்த்தார்கள். என்ன நடந்தது தெரியுமா? முக்கியமான வேலை ஏதாவது செய்ய வேண்டியிருந்தால், நோயாளி சுவிட்சை அணைத்துவிட்டு வேலையை முடித்து, பிறகு சுவிட்சைப் போட்டுக்கொண்டார்!

அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. அதில் நமக்கு ஒரு பாடம் மிச்சம். சுவிட்ச் நம் கையில் இருந்தால், வலியை நாம் நிச்சயம் அணைத்துவிடுவோம். எப்போது அது மிகவும் தேவையோ, சரியாக அப்போதுதான் அணைப்போம். அதனால்தான் இயற்கை அந்த சுவிட்சை நம் கைக்கு எட்டாத இடத்தில் வைத்திருக்கிறது.

---

உடம்பில் சுவிட்ச் எட்டவில்லை. மனசில்?

நம் தமிழில் ஒரு அற்புதமான சொல் இருக்கிறது. 'மரத்துப் போச்சு.' அதாவது மரம் மாதிரி ஆகிவிட்டது. பல்லைப் பிடுங்கப் போடுகிற ஊசிக்கும் அதே சொல்தான். பட்டுப் பட்டு ஓய்ந்த மனசுக்கும் அதே சொல்தான்.

ஒரு வீட்டைப் பாருங்கள். கல்யாணமான புதிதில் மனைவி சண்டை போடுவார். "ஏங்க லேட்டு? ஒரு போன் பண்ணக் கூடாதா? நான் சாப்பிடாம உக்காந்திருக்கேன்." இது முதல் கட்ட 'சுருக்'. உடனே கவனித்தால் சரியாகிவிடும். கணவரோ, 'இவளுக்கு இதே வேலை' என்று டி.வி. சத்தத்தைக் கூட்டுவார்.

ஐந்தாறு வருஷம் போகும். இப்போது எதற்கெடுத்தாலும் சண்டை. காபியில் சர்க்கரை கூடிவிட்டதற்குக்கூட ஒரு மணி நேர யுத்தம். பற்கூழின் வலியில் ஒரு வேடிக்கை உண்டு. எந்தப் பல் என்று பல நேரம் நோயாளிக்கே தெரியாது. கெட்டது மேல் பல்லாக இருக்கும். கீழ்ப் பல்தான் வலிக்கிறது என்று அடித்துச் சொல்வார். அந்த மாதிரிதான் இதுவும். நோவது எங்கேயோ, கத்துவது காபிக்காக.

பிறகு ஒருநாள் சண்டை நின்றுவிடும். கணவர் எத்தனை மணிக்கு வந்தாலும், "சாப்பாடு டேபிள் மேல இருக்கு" என்கிற ஒரே வரி. கணவருக்குப் பரம சந்தோஷம். நண்பரிடம் சொல்லுவார்: "இப்பெல்லாம் ரொம்ப மாறிட்டாப்பா. வீட்ல ஒரு பிரச்னையும் இல்லை."

அந்த பல் டாக்டர் கேட்டால் உடனே எக்ஸ்-ரே எடுக்கச் சொல்லுவார்.

வீடு மட்டுமா? தெருமுனையில் குப்பை குவிந்தது. முதல் மாதம் எல்லோரும் மூக்கைப் பொத்தினோம், மனு எழுதினோம். இரண்டாவது வருஷம் அந்த நாற்றமே மூக்கில் ஏறுவதில்லை. ஆபீஸில் எதற்கும் கேள்வி கேட்டுக்கொண்டிருந்த ஊழியர், இப்போது எல்லாவற்றுக்கும் "சரி சார்" என்கிறார். 'பையன் பக்குவப்பட்டுட்டான்' என்று மேனேஜர் நினைக்கிறார். "எங்கடா போற? எப்ப வருவே?" என்று ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்த அம்மா, இப்போதெல்லாம் கேட்பதே இல்லை.

நீங்களே சொல்லுங்கள், இதெல்லாம் குணமா? மரணமா?

---

இந்த இடத்தில் ஒரு ஆபத்து இருக்கிறது. 'வலி நல்லது, வலியைத் தாங்கிக்கோ' என்று இதைப் புரிந்துகொண்டுவிடக் கூடாது. 'பொறுத்தார் பூமி ஆள்வார்' என்று சொல்லிச் சொல்லியே எத்தனை பெண்களை அடிக்கிற புருஷனோடு வாழ வைத்திருக்கிறோம்! தீ பிடித்தால் மணி அடிக்கிறது. அடிப்பது நல்லதுதான். அதற்காக மணியோசையை ரசித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவனை என்னவென்று சொல்வது? வலி ஒரு செய்தி. செய்தி வந்தால் ஏதாவது செய்தாக வேண்டும்.

செய்யக் கூடாததையும் சொல்லிவிடுகிறேன். பெயின் கில்லர் போட்டுக்கொண்டு நாளைத் தள்ளுவது. அது தந்திக் கம்பியை அறுக்கிற வேலை. இன்னும் சிலர் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். மாத்திரை ரத்தத்தோடுதானே போக வேண்டும்? செத்த பற்கூழுக்கு ரத்த ஓட்டமே கிடையாது. மருந்து அந்த அறை வாசல் வரைதான் போகும், உள்ளே போகாது.

அப்படியானால் பிடுங்கிவிடலாமா?

மேலை நாடுகளில் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தார்கள். 1910-ல் வில்லியம் ஹன்டர் என்கிற பிரிட்டிஷ் மருத்துவர் கனடாவில் மான்ட்ரியால் நகரின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஒரு உரை நிகழ்த்தினார். அழுகிய வேர்களைச் சுத்தம் செய்யாமலே அதன் மேல் தங்கத்தில் தொப்பி போட்டு மூடுகிறார்கள், அந்தச் சீழ் உடம்பையே கெடுக்கிறது என்று சாடினார். அதில் உண்மை இருந்தது. ஆனால், பின்னால் வந்தவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு, மூட்டுவலியிலிருந்து பலப்பல நோய்களுக்கும் பல்தான் காரணம் என்று ஆயிரக்கணக்கில் பற்களைப் பிடுங்கித் தள்ளினார்கள். அமெரிக்காவில் டிரென்டன் மனநல மருத்துவமனையில் 1907 முதல் 1930 வரை தலைமைப் பொறுப்பில் இருந்த ஹென்றி காட்டன் என்கிற மருத்துவர், மனநோய்க்கும் அதுதான் காரணம் என்று சொல்லி நோயாளிகளின் பற்களைப் பிடுங்கினார். பல்லோடு நிற்கவில்லை, டான்சில், பெருங்குடல் என்று உள்ளே போய்க்கொண்டே இருந்தார். பலர் இறந்தே போனார்கள். அவர் நினைத்தது தப்பு என்று பிறகு உலகத்துக்குத் தெரிந்தது. போன பல்லும் உயிரும் திரும்பவா போகிறது?

'வலிக்குதா? பிடுங்கிப் போடு' என்பது கேட்கச் சுலபம். உறவுகளிலும் நாம் அதைத்தான் செய்கிறோம். "இனி அவன் மூஞ்சியிலயே முழிக்கமாட்டேன்." சில பற்களைப் பிடுங்கத்தான் வேண்டும், மறுக்கவில்லை. வேர் நீளவாக்கில் பிளந்துவிட்டால் எந்த டாக்டராலும் காப்பாற்ற முடியாது. அடி, உதை, உயிருக்கு ஆபத்து என்று ஆன பிறகு உறவிலும் அப்படித்தான். ஆனால், பிடுங்கிய இடம் காலியாகவே இருக்காது. பக்கத்துப் பல் அந்தப் பக்கம் சாயும். எதிர்ப் பல் இறங்கும். ஒன்று போனால் போனது ஒன்று மட்டும் இல்லை.

---

இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற வழிதான் வேர் சிகிச்சை. ரூட் கேனால் என்றதும் முகம் சுளிக்காதீர்கள். மரத்துப்போக ஊசி போட்டுவிட்டுத்தான் செய்கிறார்கள். அந்தச் சிகிச்சை தருகிற வலியைவிட, அதற்குப் பயந்து வீட்டில் உட்கார்ந்திருக்கிற வலிதான் பெரும்பாலும் அதிகம்.

என்ன செய்கிறார்கள்? பல்லின் தலையில் சின்னதாக ஒரு வாசல் திறந்து, கெட்டுப்போன பற்கூழை எடுக்கிறார்கள். ஊசி மாதிரி மெல்லிய அரங்களால் வேர்ப் பாதைகளைச் சுரண்டி, மருந்து நீரால் கழுவுகிறார்கள். பிறகு கட்டாபெர்ச்சா என்கிற ஒரு பொருளால் அடைக்கிறார்கள். அது மலாய் தேசத்து மரம் ஒன்றின் பால். 19-ம் நூற்றாண்டில் கடலுக்கடியில் போன தந்திக் கம்பிகளுக்கு உறை போட்டது இதே கட்டாபெர்ச்சாவால்தான். கண்டம் விட்டுக் கண்டம் செய்தி போக உதவிய அதே பொருள், இனி எந்தச் செய்தியும் வராத ஓர் அறையை மூடுகிறது. வேடிக்கைதான், இல்லையா?

கடைசியில் ஒரு முக்கியமான வேலை. கிரௌன். கேப் போடுவது என்போமே, அது. சொத்தையும் சிகிச்சையுமாக நிறையப் பகுதியை இழந்த கடைவாய்ப் பல், கடிக்கும்போது உடைந்துவிடாமல் அந்தக் கவசம் காக்கிறது. பலர் வலி நின்றதும் இதற்குப் போவதில்லை. ஆறு மாதம் கழித்து முறுக்கைக் கடிக்கும்போது பல் இரண்டாகப் பிளந்த பிறகுதான் டாக்டர் ஞாபகம் வருகிறது.

இப்போது நம் கேள்விக்கு இன்னொரு முகம் கிடைக்கிறது. உள்ளே உணர்ச்சி இல்லாத ஒரு பல், முறையாகக் கவனித்தால், வருஷக்கணக்கில் உழைக்கிறது. அப்படியானால் உணர்வு செத்த ஓர் உறவும் தொடரலாமா? இல்லை, அது வெறும் வேஷமா?

சொத்துத் தகராறில் பிரிந்த அண்ணன் தம்பியை நினைத்துப் பாருங்கள். கோர்ட்டு, கேஸ் எல்லாம் முடிந்தது. பழைய பாசம் திரும்பி வராது. 'திரும்பி வர முடியாத கட்டம்' தாண்டியாகிவிட்டது. ஆனாலும் அண்ணன் மகளுக்குக் காதுகுத்து என்றால் தம்பி வருகிறார். முன் வரிசையில் உட்காருகிறார். மொய் எழுதுகிறார். சாப்பிட்டுவிட்டு, "வர்றேண்ணே" என்று சொல்லிக்கொண்டு போகிறார். அவ்வளவுதான். பாசம் பொங்கவில்லை, பகையும் பொங்கவில்லை. அந்தக் குழந்தைக்கு ஒரு சித்தப்பா கிடைக்கிறார்.

இதைப் போலித்தனம் என்று நான் சொல்லமாட்டேன். நம் ஊரில் 'முறை செய்வது' என்று ஒன்று வைத்தார்களே, அதுதான் கேப். உள்ளே உணர்வு இல்லாத இடத்தில், உறவு உடைந்துவிடாமல் காக்கிற கவசம். பாசம் இருக்கிறபோது முறை அவ்வளவாகத் தேவைப்படாது. பாசம் போன பிறகுதான் அதற்கு வேலையே.

இன்னொன்றும் கேளுங்கள். பற்கூழ் போன பல்லைச் 'செத்த பல்' என்பது பாதி உண்மைதான். வேரைச் சுற்றி எலும்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருக்கிற நார்த்திசு உயிரோடுதான் இருக்கிறது. அதனால்தான் அந்தப் பல்லிலும் கல் கடிபட்டால் உங்களுக்குத் தெரிகிறது. அண்ணன் தம்பிக்கு நடுவில் ஒன்றும் இல்லாமல் போனாலும், சுற்றியிருக்கிற அம்மா, அத்தை, பிள்ளைகள் பிடித்துக்கொண்டிருப்பார்கள்.

ஆனால், ஒரே ஒரு நிபந்தனை. ஹன்டர் 1910-ல் திட்டியது எதற்காக என்று நினைவிருக்கிறதா? சுத்தம் செய்யாமல் தொப்பி போட்டதற்கு. கணக்கைத் தீர்க்காமல், மன்னிப்புக் கேட்க வேண்டியவர் கேட்காமல், 'பழசையெல்லாம் மறந்துடுங்கப்பா' என்று பெரியவர்கள் கையைப் பிடித்துச் சேர்த்து வைக்கிறார்களே, அது அழுகிய வேர் மேல் போட்ட தங்கத் தொப்பி. முதலில் கழுவணும். அப்புறம் அடைக்கணும். அப்புறம்தான் மூடணும். வரிசை மாறினால் சீழ்தான்.

---

இத்தனையும் சொன்ன பிறகு, பல் மருத்துவம் எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். முடிந்த மட்டும் பற்கூழைக் காப்பாற்றப் பார்ப்போம் என்பதுதான் இன்று அதிகம் கேட்கிற பேச்சு.

இதற்குப் பின்னால் 1965-ல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு புகழ்பெற்ற ஆராய்ச்சி இருக்கிறது. எலிகளின் பல்லைத் துளைத்துப் பற்கூழைத் திறந்துவிட்டார்கள். சாதாரண எலிகளுக்குப் பற்கூழ் அழுகிச் செத்தது. கிருமியே இல்லாத சூழலில் வளர்த்த எலிகளுக்கோ, திறந்த இடத்தில் சாப்பாட்டுத் துணுக்குகள் அடைத்துக்கொண்டிருந்தும்கூட, பற்கூழ் தானே புதிதாக டென்டின் கட்டி ஓட்டையை மூடிக்கொண்டது!

அதாவது, பற்கூழ் வலியை மட்டும் தருகிற வஸ்து இல்லை. சுவர் கட்டுகிற கொத்தனாரும் அதுவேதான். எது வலிக்கிறதோ அதுதான் குணப்படுத்தவும் செய்கிறது. அதைக் கொன்றது காயம் இல்லை. கழுவப்படாமல் விட்ட அழுக்கு.

மனசுக்கும் இது பொருந்தும் என்று நான் நம்புகிறேன். "எனக்கு இனிமே எதுவுமே வலிக்காது" என்று பெருமையாகச் சொல்பவரிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள். அவரால் இனி எதையும் கட்டவும் முடியாது.

சரி, நம் விஷயத்தில் எது குணம், எது மரணம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பல் டாக்டர்கள் ஒரு எளிய சோதனை செய்வார்கள். பல்லின் மேல் குளிர்ச்சியான ஒன்றை வைத்துப் பார்ப்பார்கள். மூன்று விதமான பதில் வரலாம். தொட்டதும் சுருக்கென்று பட்டு, எடுத்ததும் சில நொடிகளில் அடங்கிவிட்டால், நல்ல பற்கூழ். பட்ட வலி எடுத்த பிறகும் விடாமல் வலித்துக்கொண்டே இருந்தால், சிகிச்சை தேவை. எதுவுமே தெரியவில்லை என்றால், உள்ளே யாரும் இல்லாமல் போயிருக்கலாம். மேற்கொண்டு பார்த்தாக வேண்டும்.

கவனித்தீர்களா? ஆரோக்கியமான பல் என்பது வலிக்காத பல் இல்லை. பட்டால் வலிக்க வேண்டும். விட்டால் அடங்க வேண்டும். இரண்டும் சேர்ந்ததுதான் ஆரோக்கியம்.

இதே சோதனையை இன்றைக்கு ராத்திரி நீங்களும் செய்து பாருங்கள். ஒரு காலத்தில் உங்களைக் காயப்படுத்திய ஒருவர் இருப்பார். நீங்கள் காயப்படுத்திய ஒருவரும் நிச்சயம் இருப்பார். அந்தப் பெயரை மனசுக்குள் ஒருமுறை சொல்லுங்கள்.

சுருக்கென்று பட்டு, ஒரு பெருமூச்சோடு அடங்கிவிட்டால் நிம்மதியாகத் தூங்குங்கள். நீங்கள் நலம்.

ராத்திரி பூராவும் அந்தப் பெயர் விண்விண்ணென்று தெறித்தால், இனியும் மாத்திரை போட்டுத் தள்ளிப்போடாதீர்கள். பேச வேண்டியவரிடம் பேசுங்கள்.

ஒன்றுமே தெரியவில்லை என்றால்? 'தானாவே சரியாயிடுச்சு' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். வேலூரில் வலி தெரியாத நோயாளிகளுக்கு ஒரு பழக்கம் சொல்லிக்கொடுத்தார்கள். தினமும் கையையும் காலையும் கண்ணால் ஒருமுறை பார்ப்பது. எங்காவது காயம் இருக்கிறதா என்று தேடுவது. உணர்வு சொல்லாததைக் கண் சொல்லிவிடும்.

சாப்பாட்டை டேபிள் மேல் வைத்துவிட்டுப் போகிறவரின் முகத்தை நீங்கள் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?